ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது

செங்குன்றம் பஸ்ஸில் வந்து இறங்கி
புழல் வாசலில் போனைக் கொடுத்தால்
தகர டோக்கன், எண் பதினேழு.
பென் டிரைவ் கூடாது. பெல்ட் கூடாது.
டப்பாவைத் திறந்து
தயிர்சாதத்தைக் கரண்டியால் கிளறிப் பார்க்கிறார்கள்.
ஊறுகாய்க்கு ஆட்சேபணை இல்லை.

பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள்,
ஏதோ வங்கி கழித்துக்கட்டியவை.
ஸ்டிக்கர்கூட உரியவில்லை.
'நகைக்கடன் பிரிவு' என்ற மானிட்டரை
நகைக்கடன் வழக்கில் வந்தவரே
கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார்.

எஸ்கேப் என்று ஒரு பொத்தான் எதற்கு என
முதல் நாள் வார்டர் பூங்காவனம் கேட்டார்.
சிரிக்காமல்தான் கேட்டார்.
அடுத்த வாரம் மூன்று கீபோர்டுகள்
அந்த மூலையில் பொக்கையாகியிருந்தன.

எட்டாம் எண் மிஷினுக்குள்
பொட்டளவு பேட்டரி செத்துப்போயிற்று.
எத்தனை முறை திருத்தினாலும்
மறுநாள் ஸ்விட்ச் போட்டதும் அது
2009 ஜனவரி ஒன்றாம் தேதியில்தான் விழிக்கும்.
வியாழக்கிழமை.

அது அருளப்பன் இடம்.
வண்ணாரப்பேட்டையில் காஜா எடுத்தவர்.
ஊசிக்குப் பழகிய விரல்,
'ழ' எங்கே என்று தேடும்போது
நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும்.

கழித்தல் ஃபார்முலா நடத்தினேன்.
பாடப்புத்தகத்தில் அரிசி மூட்டைக் கணக்குதான் இருந்தது.
விடுதலைத் தேதியில் இன்றைய தேதியைக் கழிப்பதை
யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை.
212 என்றது ஒரு திரை.
61 என்ற திரையைச் சுற்றி நாலைந்து பேர்.
ஆயுள் தண்டனைக்காரர்கள் இருவர்
எதையும் கழிக்காமல்
கட்டங்களுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அருளப்பனுக்கு வந்தது 6738.
'உன்னை அழைச்சிட்டுப் போகப் பேரன்தான் வரணும்'
என்றான் பக்கத்து இருக்கை நிஜாம்.
அறையே சிரித்தது.
மிஷினில்தான் கோளாறு என்றேன்.
ரிச்சி தெருவில் முப்பது ரூபாய்,
நாளைக்கே மாற்றிவிடலாம் என்றேன்.

நாளைக்கு என்பது
ஒரு மனு, ஒரு நினைவூட்டல்,
'மேற்படி பொருள் வெடிக்குமா' என்பதற்கு
எழுத்துமூலம் ஒரு பதில்,
ஏழு வாரம்.

கையெழுத்துப் போட்டு ஸ்க்ரூடிரைவர் வாங்கி
பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன்.
தூசுக்குள் ஒரு பல்லி முட்டை ஓடு.
அருளப்பன் குனிந்து பார்த்தார்.
'இருக்கட்டும் சார்.'
'நாள் கணக்கு தப்பாகக் காட்டுமே?'
'கணக்கு செவுத்துல கோடு போட்டிருக்கேன் சார்.
இதுல அந்த நாள் இருக்கு.
நியூ இயர்னுகூட லீவு விடல எங்க ஓனரு.
முந்நூறு யூனிஃபார்ம் சட்டை,
பொங்கலுக்குள்ள குடுத்தாவணும்.
மத்தியானம் முட்டை பிரியாணி வாங்கிக் குடுத்தாரு.
சாயங்காலம் கரண்டு போச்சு.
படியில உக்காந்து டீ குடிச்சோம்.
அவ்ளோதான் சார்.
ஒண்ணும் நடக்கல அன்னிக்கு.'

வழக்கைக் கேட்கக்கூடாது என்பது விதி.
கேட்கவில்லை.
தப்பான தேதியோடு ஒரு மிஷினை விடுவது
நான் படித்த படிப்புக்கு அழகில்லை.
ஃபைல்கள் முன்பின்னாகும்,
தேர்வு மார்க் எந்த வருடத்திலோ போய் உட்காரும்.
எல்லாம் தெரிந்துதான்
மூடியைப் பொருத்தி நான்கு திருகுகளையும் முடுக்கினேன்.
மூன்றாவது மட்டும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

வாசலில் சட்டைப் பையைத் தடவினார்கள்.
'பேட்டரி திரும்பப் போகுதே சார்?'
'பொருந்தல.'
நோட்டை என் பக்கம் திருப்பினார் பூங்காவனம்.
உள்ளே: பேட்டரி ஒன்று.
வெளியே: பேட்டரி ஒன்று.
தேதிக் கட்டத்தில் பேனா நின்றது.
நிமிர்ந்து பார்த்தேன்.
சுவர்க் காலண்டர் கிழிக்கப்படாமல்
சனிக்கிழமையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.
அன்று செவ்வாய் என்று நினைக்கிறேன்.