நாற்பத்தெட்டு தசம் ஆறு

மாங்குளச் சந்தி தாண்டி
தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டினான் பெக்கோக்காரன்.
உலகம் அறுந்தது.
அவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

வவுனியாவில் பெட்டியைப் பூட்டி
ஒரு துளி வெளிச்சத்தை உள்ளே விட்டேன்.
ஓடிப்போய் அறுந்த வாயில் முட்டித்
திரும்பி வந்து சொன்னது:
நாற்பத்தெட்டு தசம் ஆறு கிலோமீற்றர்.
இந்தப் பெட்டி பிழை விடாது.
ஒரு மீற்றர், இரண்டு மீற்றர் தள்ளும். அவ்வளவுதான்.

இரவு பத்தே முக்கால்.
கிடங்குக்கு மேலே தறப்பாள் கட்டியிருக்கிறோம்.
யசோபரன் டோர்ச் பிடிக்க
நான் பசையைத் துடைத்து நூல்களைப் பிரிக்கிறேன்.
நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம்.
கண்ணாடி மயிர், கவனம்,
விரலில் ஏறினால் எக்ஸ்ரேயிலும் தெரியாது என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
என் தொடையில் ஏற்கெனவே ஒன்று கிடக்கிறது.
அது இரும்பு.
எக்ஸ்ரேயில் வடிவாய்த் தெரியும்.

முதன்முதல் கடலடியில் போட்ட கம்பிகளுக்கு
மலாயாக் காட்டு மரத்தின் பாலைப் பூசினார்களாம்.
மன்னார்க் கடலின் புழுக்களுக்கு
அதுவும் ருசித்திருக்கும்.
கரையேறிய தந்தி இந்தப் பக்கத்துக் காட்டால்தானே போயிருக்க வேணும்?
ஒரு யானை கம்பத்தில் முதுகு சொறிய
லண்டன் கோப்பி விலை கண்டிக்குப் போகாமல்
பாலைமரங்களுக்குள்ளே நின்றிருக்கும்.
யானையும் தன்பாட்டில்
குளத்துக்குப் போயிருக்கும்.

இப்போது கண்ணாடி
கல்கிசையில் கரையேறுகிறது.
மழை கழுவிய இரவில்
தலைமன்னார் மணலில் நின்றால்
அக்கரை வெளிச்சம் தெரியும்.
அங்கே ஒருத்தியைச் சாப்பிட்டியோ என்று கேட்க
சொல் கொழும்புக்குப் போகும்,
சில நாள் சிங்கப்பூரும் பார்த்துவிட்டு வரும்.

எனக்குப் பதினொரு வயதில் வயரே இல்லை.
புதுக்குடியிருப்பில் ஒரு கொமினிக்கேசன்,
நிமிசம் நூற்றிருபது ரூபா,
வாங்கில் நாற்பது சனம்.
வானத்துக்கு ஏறி இறங்கும் குரலுக்கு
ஒரு சுணக்கம் இருந்தது.
அம்மா ஹலோ என்றா.
அண்ணன் ஹலோ என்றான்.
ஒன்றின்மேல் ஒன்று விழுந்து இரண்டும் செத்தன.
நாலு நிமிசத்தில் ஒன்றரை நிமிசம் ஹலோ.
நூற்றெண்பது ரூபாவுக்கு ஹலோ
என்று வரும் வழி முழுக்கச் சிரித்தோம்.
இப்ப ஒரு சுணக்கமும் இல்லை. ஆனாலும்
அம்மா ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும்
கொஞ்சம் நிற்கிறா.
அண்ணன் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுகிறான்.

இரண்டு முனைகளையும் நேர்பார்த்து
மெசின் ஒரு சின்ன மின்னலால் உருக்குகிறது.
இழப்பு: பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு.
பத்திரத்தில் இதற்கொரு நிரல் உண்டு,
நூல் நூலாக நிரப்ப வேணும்.
கூடினால் வெட்டிவிட்டுத் திரும்ப ஒட்டலாம்.

ஒரு மணிக்குப் பெக்கோக்காரன்
தறப்பாளுக்குள் தலையை நீட்டினான்.
"அக்கா, வட்சப் எப்ப வரும்?
மனிசி டோகாவில. காலமை வேலைக்குப் போயிடுவா."
"ரோசா நிறம் உன்ர" என்றேன்.
பொய்.
எந்த நூலில் யார் போகிறார்கள் என்று
எனக்கென்ன தெரியும்?

ரோசா பதினோராவது.
நாங்கள் நாலில் நின்றோம்.
அவன் குந்தியிருந்து
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்,
இருமல் வந்தபோது
முகத்தை வெளியே திருப்பி இருமிவிட்டு.