முழங்கால் வலி

இருபத்திரண்டு வருஷமாக
எனக்கு முழங்கால் வலி.
நவம்பரில் வரும்,
பனி உருகினால் போய்விடும்.

நான் பஸ் ஓட்டுகிறவள்.
நார்வேயின் மேற்குக் கரையில்
மழைக்கு வாக்கப்பட்ட ஊர்.
மேலே இருந்து பனியாகவே புறப்பட்டாலும்
எங்கள் கூரையைத் தொடுமுன் தண்ணீராகிவிடும்.
இந்த நாட்டில் குழந்தைகள்
காலில் ஸ்கீயோடு பிறக்கின்றன என்பார்கள்.
என் அம்மா அவற்றை
ஆஸ்பத்திரியிலேயே மறந்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

டிப்போவிலிருந்து பன்னிரண்டு பேர்
மலைவிடுதிக்கு வந்தோம்.
இரவு, சாப்பாட்டு மேசைமேல்
தூரி மெழுகு டப்பாக்களை அடுக்கினாள்.
நீலம், ஊதா, சிவப்பு.
மைனஸ் எட்டுக்கு நீலம் போதுமா,
அடியில் பச்சை ஒரு பூச்சு வேண்டாமா என்று
சம்பந்தி வீட்டார் சீர் பேசுவதுபோல்
ஒரு மணி நேரம் பேசினார்கள்.
"நீ வரலையா, இங்குன்?"
"முழங்கால்" என்றேன்.
ஐயோ பாவம் என்றது மேசை.
மேலாளர் ஹால்வார் மட்டும்
பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டே இருந்தார்,
தட்டில் ரொட்டி இல்லாதபோதும்.

விடியற்காலை ஐந்து மணி.
உலர்த்தும் அறையில் ஈரக் கம்பளி நாற்றம்.
யாருடையதோ பூட்ஸ், யாருடையதோ ஸ்கீ.
திருடியைப்போல் வெளியே வந்தேன்.

தடம் போடும் இயந்திரம்
இரவே போயிருக்கிறது.
கோடு போட்ட நோட்டில்
இன்னும் யாரும் எழுதாத பக்கம்.
பூட்ஸின் நுனி மட்டும் 'டிக்' என்று மாட்டிக்கொண்டது.
குதிகாலை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் அடி பின்னால் போனது.
இரண்டாவது அடி
என்னை விட்டுவிட்டுப் போனது.
விழுந்தேன்.
நாற்பது பயணிகளோடு
ஐஸ் படிந்த பாலத்தில் பஸ்ஸை நிறுத்தத் தெரிந்தவளுக்கு
நின்ற இடத்தில் நிற்கத் தெரியவில்லை.
இடது ஸ்கீ வலதின்மேல் ஏற
எழ முயன்று மறுபடி விழுந்தேன்.
தெருக் கோணல் என்று சொல்லவும் வழியில்லை,
தடம் அத்தனை நேர்.

மல்லாந்து கிடந்தபோது
நட்சத்திரங்கள் அநியாயத்துக்குக் கிட்டே இருந்தன.
பனிக்கு ஒரு சத்தம் உண்டு என்று
அப்போதுதான் தெரிந்தது.
காதருகே, சர்க்கரை மூட்டை
மெதுவாகச் சரிவதுபோல்.

பிறகு இன்னொரு சத்தம்.
தொப்.
அதற்குப் பின் ஒரு கெட்ட வார்த்தை,
எனக்கு நன்றாகத் தெரிந்த குரலில்.

பைன் மரங்களுக்குப் பக்கத்தில்
நெற்றி விளக்கு ஒன்று
வானத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.
விளக்குக்குக் கீழே ஹால்வார்.
கவிழ்ந்த வண்டாகக் கால்களை ஆட்டிக்கொண்டு.
ஒவ்வொரு குளிர்காலமும்
முதுகுவலி என்று லீவு போடுகிற ஹால்வார்.

அவர் என்னைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
இருவருமே எதுவும் கேட்கவில்லை.
என் ஸ்கீ கோலை நீட்டினேன்.
பிடித்து எழுந்தார்,
என்னையும் சேர்த்து இழுத்துத் தள்ளிவிட்டு.

அதன் பிறகு
அவர் ஒரு தடத்தில், நான் பக்கத்துத் தடத்தில்.
எட்டு முறை விழுந்தேன்.
அவர் கணக்கு அவரோடு.
மரப்பாலம் தாண்டி லேசான இறக்கத்தில்
எப்படியென்று தெரியவில்லை,
கால் ஒன்றை உதைக்க
மற்றது போனது, போய்க்கொண்டே இருந்தது.
ஏழு மீட்டர் இருக்கலாம்.
பத்து என்று வைத்துக்கொள்கிறேன்.
எஞ்சின் இல்லை, பிரேக் இல்லை,
மணி அடித்து இறங்கக் கேட்க யாருமில்லை.
குதிகால் தானாக எழுந்தது.
சும்மா விட்டது அதற்காகத்தானா!

காலை உணவுக்கு
தனித்தனிக் கதவு வழியாக உள்ளே வந்தோம்.
தூரி காபி ஊற்றினாள்.
என் காலர் மடிப்பிலிருந்து
கட்டிப் பனி ஒன்று நழுவி
வெண்ணெய்த் தட்டருகே விழுந்தது.
ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.
"முழங்கால் எப்படி இருக்கு?" என்றாள்.

"வலிக்குது" என்றேன்.
இருபத்திரண்டு வருஷத்தில்
முதல் தடவையாக.

எதிரே ஹால்வார்
முதுகைப் பிடித்துக்கொண்டு
மெல்ல, மிக மெல்ல
நாற்காலியில் உட்கார்ந்தார்.