தானே

புயலுக்குத் தானே என்று பெயர் வைத்திருந்தார்கள்.
எல்லாவற்றையும் அதன் தலையில் போடுவது
சுலபமாக இருந்தது.

கேப்பர் மலைச் செம்மண்ணில்
சாய்ந்த முந்திரி மரங்களை
நிவாரணத்துக்கு எண்ணி எழுதும் வேலை எனக்கு.
என் காட்டில் விழுந்தது ஒன்பது. எழுதியது நாற்பது.
இஞ்ஞாசியம்மா காட்டில் பதினெட்டு. எழுதியது ஆறு.
ஈரக் காகிதம், பேனா வழுக்கிவிட்டது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதின்மூன்று தவக்காலம்
பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு
கோபம், பொய், பூசைக்குப் பிந்தியது என்று
சில்லறையைக் கொட்டிவிட்டு
நோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு எழுந்தேன்.

இந்த வருஷம் முதுநகர் கோயிலில்
சளி பிடித்த இளம் சாமியார்.
சல்லடைக்கு அப்பால் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
அதனாலோ என்னவோ, சொல்லிவிட்டேன்.
எத்தனை மரம் என்று அவர் கேட்கவில்லை.
"அந்தம்மா உயிரோட இருக்காங்களா?"
"இருக்காங்க."
"அப்ப போய்ப் பாருங்க."
உயர்ந்த கையின் நிழல் சல்லடையில் விழுந்தது.
அபராதம், மூன்று அருள் நிறைந்த மரியே.
கணக்கு எழுதிப் பழகிய எனக்கு
அவமானமாக இருந்தது:
நாற்பத்து மூன்று மரத்துக்கு மூன்றா?

பணத்தோடு போனேன்.
அவள் பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
"நீ எழுதறப்பவே தெரியும். எனக்கு எண்ணத் தெரியாதா?
மூணு வருஷம் உன்ன சபிச்சேன்,
காலையில ஒரு தரம், செபமாலைக்கு அப்புறம் ஒரு தரம்.
அப்புறம் கன்னு நடற வேல வந்துடிச்சி."
நோட்டுகளை இரண்டு முறை எண்ணினாள்.
நூறு கூட இருக்கிறதென்று திருப்பித் தந்தாள்.
மன்னித்தேன் என்ற சொல்
அவள் வாயில் வரவேயில்லை.
ஒரு பழத்தை நீட்டினாள்.

கிணற்றோரம், யாரும் நடாத இடத்தில்,
தலைகொள்ளாத காய்ப்போடு ஒரு மரம்.
"அது யார் வச்சது?"
"தானே மொளச்சது."

(அரசாங்கத்தின் முப்பத்தொரு மரத்தை
எந்த ஜன்னலில் திருப்பிக் கட்டுவதென்று
இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.)

சாறு சட்டையில் வடிந்துவிட்டது.
முந்திரிக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது.
இறை இரக்க ஞாயிறன்று
அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு
நன்மை வாங்க வரிசையில் நின்றேன்.
எனக்கு முன்னால் அவளுடைய நரைக் கொண்டை.
சாமியார் இன்னும்
மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.