சிவப்புப் பக்கம்

ஊட்டி வண்டி.
நம்பர் பலகையில் இன்னும் நாற்பத்து மூன்று.
வாங்கி மூன்று வருஷம்,
ஹீட்டர் குமிழை ஒரு நாளும் சிவப்புப் பக்கம் திருப்பியதில்லை.
திருப்புவானேன்,
கண்ணாடியை இறக்கினால் தானாக அடிக்கிறது அனல்.

மாசியில் வண்டிக்குள் இனிப்பாய் ஒரு வாசனை.
வாழைப்பழம் அழுகுதா என்று
பின்சீட்டுக்கு அடியில் தேடினாள் செங்கமலம்.
காலடி மிதியடி நனைந்திருந்தது,
பச்சையாய், வழவழவென்று.
முன்கண்ணாடியில் உள்பக்கம் ஒரு படலம்.
துடைக்கத் துடைக்க
எதிரே வரும் நெல் லாரி ரெண்டாய்த் தெரிந்தது.

ஜக்கரியா குனிந்துகூடப் பார்க்கவில்லை.
'ரெண்டு ஹோசையும் சேத்து ஒரு கிளாம்ப் போட்டுரு, நூறு ரூவா.
நீடாமங்கலத்துக்கு எதுக்குய்யா ஹீட்டர்?'

நியாயம்தான்.
நான் லஸ்கர்.
மூணாறு தலைப்பில் ஷட்டர் சுற்றி இருபத்தோரு வருஷம்.
எந்த ஆற்றுக்கு எத்தனை அடி என்று போனில் வரும்,
சுற்றுவேன்.
ஒரு தடவை கடைமடையிலிருந்து சைக்கிளில் ஒருத்தர் வந்தார்.
பாலத்துமேல் நின்று
மூடிய பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.
அன்றைய நோட்டில் என் கையெழுத்து:
ஷட்டர் இறக்கப்பட்டது, மாலை 6.10.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
ஆனால் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு
புதுக் கோர் ஒன்று அனுப்பச் சொல்லிவிட்டேன்.
ஆயிரத்து நூறு.
செங்கமலத்திடம் அறுநூறு என்றேன்.

பங்குனி ஞாயிறு, மாட்டுக்கொட்டகை நிழல்.
கூலன்டை பெயின்ட் டப்பாவில் இறக்கி
நாய் நக்காமல் மூடி மேலே செங்கல்.
முட்டை அட்டையில் குழிக்கு ஒரு திருகு.
பதினொரு மணிக்கு டேஷ்போர்டு வாசலில் கிடந்தது,
ஸ்டியரிங் மட்டும் தனியே,
வீடு இடித்தபின் மிஞ்சும் அடுப்பு மேடை மாதிரி.

காற்றுப்பெட்டிக்குள்
மேலாக நெல் பதர், போன குறுவையில் ரோட்டில் காய்ந்தது.
அதற்குக் கீழே வேப்பஞ்சருகு.
எல்லாவற்றுக்கும் அடியில்
கறுத்து, ஊசி ஊசியாய் ஏதோ.
'தொடப்பக் குச்சி' என்றாள்.
'பைன்' என்றேன், பைன் மரத்தைப் பார்த்திராத நான்.

கடைசி போல்ட்டுக்கு என் கை நுழையவில்லை.
வளையலைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு
முழங்கை வரை உள்ளே விட்டாள்,
முகம் என் பக்கம், கண் எதிலும் இல்லை.
'பத்தா எட்டா?'
'பத்து.'
'இப்புடியா?'
'அந்தாண்ட.'
கால் மணி நேரம்.
கையை எடுக்காமலே, அதே முகத்தோடு,
'பில்லுல ஆயிரத்து நூறுன்னு போட்டுருக்கு' என்றாள்.
போல்ட் வந்துவிட்டது.

சிலேட்டுக்குக்கூடக் காணாது அந்தப் பழைய கோர்.
வாளித் தண்ணீரில் அமுக்கி ஊதினேன்.
ஓரத்தில் ஓரே இடத்தில்
முத்து, முத்து, முத்து.
கரை உடைப்பதும் இப்படித்தான் ஆரம்பிக்கும்,
ஒரு நண்டு வளையில்.

எல்லாம் பூட்டி முடிய மணி ஐந்து.
அட்டையில் ஒரு திருகு மிச்சம்.
எங்கேயிருந்து என்று தெரியவில்லை,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சூடு ஏறட்டும் என்று ஓட்டிப்போனோம்,
வழக்கம்போல் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம்.
நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு
குமிழைச் சிவப்பின் கடைசிக்குத் திருப்பினேன்.
பக்கத்து பைக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான்:
பங்குனியில், மூடிய காரில்,
வேர்த்து ஒழுகும் புருஷனும் பெண்டாட்டியும்.
முதலில் பதர்த் தூசி.
அவள் தும்மினாள்.
மிதியடியைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

செங்கமலம் உள்ளங்கையைக் காற்றுவாயில் வைத்தாள்.
கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.
'வருது' என்றாள்.

கேட்டைத் தாண்டி
தண்டவாளமும் அதிர ஆரம்பித்திருந்தது.
எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.