பிடிமானம்

ஏஜாக்ஸில் வீடு வாங்கிய மூன்றாம் கோடையில்தான்
கிளெமாட்டிஸ் ஏறத் தொடங்கியது.
முதல் வருடம் தூக்கம்.
இரண்டாம் வருடம் முழங்கால் உயரம், ஒரே ஒரு பூ;
அதையும் பந்தால் அடித்தான் நிரோஜன்.

நூற்றிருபது டொலர் தேவதாருச் சட்டத்தை
அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
இந்தக் கொடிக்கென்று தனியாகக் கை இல்லையாம்,
இலைக்காம்பே வளைந்து பிடிக்குமாம்,
பென்சிலைவிட மெல்லியதை மட்டும்.
கிருபாலினி நூலகத்தில் படித்துவந்து சொன்னாள்,
சட்டத்துக்குக் காசு கொடுத்த பிறகு.

வேரில் வெயில் படாமல் ஒரு தட்டைக்கல் வைத்தோம்.
பிறகு ஒரு வாரம் மழை. எனக்கு இரவு வேலை.
விடிந்து வந்து பார்த்தால்
சுவரில் இறங்கும் இன்டர்நெட் வயரை
முப்பது இடத்தில் முறுக்கிப் பிடித்து
கூரைக்குக் கிட்ட ஊதாவாய் விரிந்து கிடக்கிறது.

இணைப்பு விட்டுவிட்டு வந்தது.
பழுது பார்க்க வந்தவர் ஏணியில் ஏறினார்,
குறட்டைத் திறந்தார்,
வெகுநேரம் இறங்கவே இல்லை.
மேலே நின்றபடியே கேட்டார்:
"இது எப்போது பூத்து முடியும்?"

ஓகஸ்ட் கடைசி என்றேன்.
படிவத்தில் ஏதோ எழுதினார்.
எங்கள் பழுதுக்கு இப்போது
செப்டெம்பரில் தேதி.

நிரோஜன் என்னோடு பேசுவதில்லை.
கொடியோடும்.