நின்ற நேரம் பூச்சியம்

வாரத்தில் ஐந்து நாள்
ஒன்பதாம் இலக்க ட்ராம் ஓட்டுகிறேன்.
வாபெர்னிலிருந்து வாங்க்டோர்ஃப்,
வாங்க்டோர்ஃபிலிருந்து வாபெர்ன்.
தண்டவாளம் திரும்பினால் திரும்புவேன்.
பெர்ன் நகரத்தில் எனக்கென்று ஒரு வளைவு கிடையாது.

இதை வாங்கியது அதனால்தான்.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
முதுகுப்பை வாரில் கொளுவிவிட்டால்
நொடிக்கொரு புள்ளி வைத்துக்கொண்டே வரும்.
வீட்டுக்கு வந்து கணினியில் செருகினால்
சிவப்பாய் ஒரு கோடு:
யாரும் முன்கூட்டிப் போட்டுவைக்காதது.

செப்டெம்பர் கடைசித் திங்கள்.
கண்டர்ஸ்டெக்கில் இறங்கி
காஸ்டர்ன் பள்ளத்தாக்குக்கு ஏறினோம், நானும் நிரோஜாவும்.
இந்த நாட்டு மஞ்சள் பலகைகள் தூரம் சொல்வதில்லை,
நேரம்தான் சொல்லும்.
செல்டன், இரண்டு மணி நாற்பது நிமிடம்.
யாருடைய காலால் என்று கேட்டாள் நிரோஜா.

க்ளூஸ் இடுக்கில்
இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே
வானம் ஒரு நாடாவின் அகலம்.
கீழே கண்டர் ஆறு போட்ட சத்தத்தில்
அவள் ஏதோ சொன்னது கேட்கவில்லை.
"என்ன?"
"பிறகு."
செய்மதிகளும் அங்கேதான் எங்களைக் கைவிட்டிருக்கின்றன.
பிறகு பார்த்தபோது
மலைக்குள்ளால் நேராய் ஒரு கோடு,
கருங்கல்லைத் துளைத்துக்கொண்டு போயிருந்தோம்.

செல்டனுக்குக் கொஞ்சம் முன்னால்
ஆற்றோரம் ஒரு தட்டைக் கல்.
பாணும் சம்பலும் எடுத்தேன்.
அவள் பாணைப் பிய்த்து, சாப்பிடாமல்,
"எனக்கு இனி அந்த ஊசி வேண்டாம்" என்றாள்.

நாலு வருடம்.
இன்செல் மருத்துவமனை, ஆறாம் மாடி,
குளிர்சாதனப் பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் மருந்து,
ஒவ்வொரு முறையும் அந்தத் தொலைபேசி.
"சரி" என்று சொல்ல வாய் திறந்தேன்.
சரி என்பது எவ்வளவு சின்னச் சொல்.
மூடிக்கொண்டேன்.

ஒருத்தரும் அசையவில்லை.
எதிர்ச் சரிவில் வெயில் ஏறிப்போனது.
ஒரு மாடு வந்து பார்த்தது, மணியோடு போனது.
நாற்பத்தேழு நிமிடம்.

இரவு கோட்டைத் திறந்தேன்.
அந்தக் கல் இருந்த இடத்தில்
பெரிய சிக்கல்:
பிள்ளை ஒன்று பென்சிலை இறுக்கிப் பிடித்து
வட்டம் வட்டமாய்க் கிறுக்கினதுபோல.
(இந்த உவமையை அவளுக்குச் சொல்லவில்லை.)
ஆற்றுக்குள் போயிருக்கிறோம், கரையேறி
பைன் மரங்களுக்குள் ஓடி, திரும்பி வந்து,
ஒருவரை ஒருவர் சுற்றியிருக்கிறோம்.
இருந்த இடத்தில் இருந்தபடி
நானூற்றுப் பத்து மீற்றர்.
கீழே எழுதியிருந்தது:
நின்ற நேரம் பூச்சியம்.

இது வழக்கமான பிழைதான். அசையாத ஆளை
இதனால் சரியாய்ப் பிடிக்க முடியாது,
அங்கே இங்கே என்று தடவும்.
'பிழைகளை நீக்கவா?' என்று கேட்டது.
ஒரு சொடுக்கு.
சிக்கல் போய்
கல்லில் ஒரு புள்ளி. சுத்தம்.
உடனே திரும்ப வரவழைத்தேன்.

நிரோஜா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
"இதென்ன, நாங்களா?"
"நாங்கள்தான்."
"இவ்வளவு அலைஞ்சோமா?"
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.
பிறகு கருவியைப் பிடுங்கி, புது மின்கலம் போட்டு,
பல்கனியில் காய்ந்துகொண்டிருந்த
எங்கள் இரண்டு சோடிச் சப்பாத்துக்கும் நடுவே வைத்தாள்.
பச்சை விளக்கு மினுங்கியது.
"விடியட்டும், பார்ப்பம்."

ஐந்தரைக்கு எனக்கு வேலை.
இருட்டில் எடுத்துப் பார்த்தேன்:
மூன்று கிலோமீற்றர் இருநூறு.
உச்ச வேகம், மணிக்கு ஆறு.

தூக்கத்திலேயே கேட்டாள்,
"எங்க போனோம்?"

மேல் மாடிக் கிழவர் வீட்டுக்குள்ளால்,
குப்பைத் தொட்டிகளைச் சுற்றி,
தெருவைக் கடந்து பாதி வரைக்கும் என்றேன்.

"பாதியிலயா" என்று
மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.
சப்பாத்து இன்னும் காயவில்லை.