இரண்டு நிமிடம்

கௌசலா,
நீ ஜெனீவாவில் பேசின நேரம்
மாங்குளம் சந்தியில் பின்னேரம் மூன்றரை.
கொட்டிலில் இருபத்தாறு பேர்.
நீ நூறு என்றாயாம். பரவாயில்லை,
பங்குனி வெயில் கொஞ்சம் தணிந்திருந்தால்
நாற்பதாவது வந்திருக்கும்.

குகதாஸின் போனைக் கதிரை ஒன்றில்
தனியே இருத்தினோம், விருந்தாளி மாதிரி.
தலைவர் உன் பெயரை வாசிக்கவும்
யாழ்ப்பாண பஸ் ஒன்று
முன்னால் போன உழவு மெசினோடு கோபித்து
ஹோன் அடித்தபடியே கடந்தது.
உன் இரண்டு நிமிடத்தில் முக்கால்வாசி
அதுக்குள் போய்விட்டது.
மிச்சத்துக்குக் கைதட்டினோம்.

வேம்படியில் மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்றவன்,
உனக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் வாறவன்,
எங்களைவிடச் சரியாக எங்கள் வரவு எழுதுகிறவன்,
கிட்ட வந்து தன் போனை நீட்டினான்.
முழுவதும் பதிந்திருந்தான். துல்லியமாக.
தனக்கு விளங்காத தமிழ்ச் சொல் மூன்று என்றான்.
இரண்டைச் சொல்லிக்கொடுத்தோம்.
மூன்றாவது, 'குரலற்ற'.

நானூற்றுப் பதினொரு நாள் கத்திக் கத்தி
கரகரத்த தொண்டையால்
றஞ்சிதமலர் சொன்னாள்:
"அது எங்களைத்தானாம்."

கோபமில்லை.
நீ வெளிக்கிட்ட இரவில்
முறிகண்டியில்கூட வான் நிற்கவில்லை என்று
ஒருமுறை எழுதியிருந்தாய்.
எல்லா வாகனமும் நிற்கிற இடத்தில்
நிற்க முடியாமல் போனவளிடம்
சொல்லுக்குக் கணக்குக் கேட்க ஏலாது.

அங்கத்தைய எம்.பி.மார் ஒன்பது பேர்
கையெழுத்திட்ட கடிதம் கிடைத்தது.
லமினேட் பண்ணி முகப்பில் தொங்கவிட்டோம்.
போன கிழமை இரவு கொட்டில் பிரிக்க வந்தவர்கள்
டோர்ச் அடித்து அதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார்களாம்.
பிறகு
கூரைத் தகரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள்.
கம்புகள் நிற்கின்றன. கடிதமும்.
அந்தோனிப்பிள்ளை அதை வெற்றி என்கிறார்.
தகரத்துக்குக் காசு அனுப்பு.

இன்னொன்று.
சட்டம், தேர்தல், ஆணைக்குழு எல்லாம் சொல்லி முடித்து
உள்ளே இருக்கிற பதினொரு பேரின் பெயருக்கு
நீ வந்தபோது
மைக்கின் வெளிச்சம் சிவந்துவிட்டது.
"பத்ம" என்றாய். அதோடு சரி.
பத்மசீலனின் மனுசி
அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.
அவனும், பாவம், போட்டுக்கொண்டே இருந்தான்.
"பத்ம எண்டால் ஆருமாயும் இருக்கலாம்" என்று
கடைசியில் எழும்பிப் போனாள்.

அடுத்தமுறை
பெயர்களிலிருந்து தொடங்கு.
மிச்சம் வெட்டுப்பட்டால் படட்டும்.